முகவலிக்கு ஊசி: கேட்டுத் தெரிந்துகொள்வோம்



காத்தோங்கில் மாலையில் கடற்காற்று வீசினால் நமக்கெல்லாம் சுகம். அதே காற்று கன்னத்தில் பட்டால் துடித்துப் போகிறவர்களும் உண்டு. பல் துலக்கினாலோ, ஒரு வாய் சோறு மென்றாலோ மின்சாரம் பாய்ந்ததுபோல் சில விநாடி வலி. சற்று ஓய்ந்து மீண்டும் வரும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களையும் பெண்களையும் இது அதிகம் தாக்குகிறது. இந்தி நடிகர் சல்மான் கான் இதற்காக 2011ல் அமெரிக்காவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

நெற்றி, கன்னம், தாடை என மூன்று கிளையாகப் பிரியும் டிரைஜெமினல் நரம்பின் கோளாறு இது. பெரும்பாலும், அந்த நரம்பின் வேரை ஒரு ரத்தக்குழாய் அழுத்துவதே காரணம். பல்வலி என்று எண்ணி நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. பல் போனது, வலி போகவில்லை!

முதல் மருந்து கார்பமசெபின் மாத்திரை. ஆசியர்களில் சிலருக்கு, ஒரு மரபணு காரணமாக, இது தோலே உரியும் கடும் ஒவ்வாமையைத் தரலாம். அதனால் சிங்கப்பூரில் 2013 முதல், மாத்திரையைத் தொடங்குமுன் மரபணுப் பரிசோதனை செய்வது வழக்கமான நடைமுறை.

மாத்திரை போதவில்லை, அல்லது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊசிப் பேச்சு வரும். “முகத்திலா ஊசி?” என்று பதற வேண்டாம். பல் மருத்துவர் போடுவதைப் போன்ற மரப்பு மருந்துதான். வலிக்கும் கிளையின் அருகே செலுத்துவார்கள். சிலவேளை ஸ்டீராய்டும் சேர்ப்பார்கள். ஆழமான இடமென்றால் எக்ஸ்ரே துணை உண்டு.

பலன் சிலருக்குச் சில மணி நேரம், சிலருக்குச் சில வாரம். ரத்தக்குழாயின் அழுத்தத்தை ஊசி நீக்குவதில்லை. ஆனால் உண்ணவும் உறங்கவும் அவகாசம் தருகிறது. எந்தக் கிளையில் கோளாறு என்று மருத்துவருக்கும் காட்டிக்கொடுக்கிறது. கிளிசரால் ஊசி வேறு வகை. அது நரம்பிழைகளைச் சிதைத்து நீண்டநாள் பலன் தரலாம். கன்னம் மரத்தே போய்விடவும் கூடும்.

ஆகவே மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஊசி மரக்கச் செய்வதா, சிதைப்பதா? எத்தனை நாள் தாங்கும்? பலிக்காவிட்டால் அடுத்தது என்ன? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் அம்மா சாப்பிட மறுக்கிறார், பேசவும் மறுக்கிறார் என்றால் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். தேவையானால் அங்கிருந்து நிபுணரிடம் அனுப்புவார்கள்.