ராஞ்ச் கல்யாணம்: முதல்ல நெருப்பைப் பத்திக் கேளுங்க

போன மாசம் வந்த வாய்ஸ் நோட்ல பாதிக்கு மேல ஒரே கேள்வி. "கலிஃபோர்னியால இருக்கோம், கோயில் ஹால் வேண்டாம், ஹோட்டல் வேண்டாம், பழைய ராஞ்ச் ஒண்ணுல திறந்தவெளியில கல்யாணம் பண்ணிக்கலாமா?" பண்ணிக்கலாம். என் காலேஜ் ஜூனியர் ஒருத்தி அப்படித்தான் பண்ணிக்கிட்டா. ஏழு மாசம் அந்த வாட்ஸாப் குரூப்ல நானும் இருந்தேன், அதனால கொஞ்சம் தெரியும்.

முதல்ல ராஞ்ச்னா என்ன? மாட்டுப் பண்ணைன்னு சொன்னா நமக்குக் கொட்டகையும் பால் கேனும்தான் ஞாபகம் வரும். இது அது இல்ல. நூத்துக்கணக்கான ஏக்கர் மேய்ச்சல் நிலம், மலைச்சரிவு, அங்கங்க ஓக் மரம், நடுவுல ஒரு மர வீடு, ஒரு பெரிய களஞ்சியம். அங்க அதை 'பார்ன்'னு சொல்றாங்க. ஃபோட்டோ எல்லாம் அதுக்கு முன்னாடிதான்.

'ஹிஸ்டாரிக்'னு போர்டு போட்டிருக்கே, அந்தக் கதையையும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. 1821ல இருந்து 1848 வரைக்கும் கலிஃபோர்னியா மெக்சிகோ கையில இருந்தது. தேவாலய மிஷன்களோட நிலத்தையெல்லாம் அரசு எடுத்து, சில குடும்பங்களுக்கு மானியமா எழுதிக் கொடுத்தது. அந்த 'ராஞ்சோ'தான் இப்ப ராஞ்ச். அதுக்கு முன்னாடி அந்த மண்ல வாழ்ந்தவங்க பூர்வகுடிகள். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கம்னா ஓலோனி மக்கள். அவங்க பேரு போர்டுல அநேகமா இருக்காது. அமெரிக்கா வந்ததும் 1851ல ஒரு சட்டம்: நிலம் உன்னோடதுன்னா நிரூபி. வருஷக்கணக்கா கேஸ் நடத்தி, வக்கீல் ஃபீஸுக்கே நிலத்தை வித்தவங்க நிறைய. அப்புறம் 1861-62ல பெரு வெள்ளம், அதோட வால் மாதிரியே பஞ்சம், மாடுகள் கூட்டம் கூட்டமா செத்தது. மிச்சம் இருக்கிற துண்டு ஒண்ணுலதான் நீங்க மாலை மாத்தப் போறீங்க.

இன்னைக்கு மாட்டை மட்டும் நம்பி அந்த நிலத்தை வச்சிருக்கிறது கஷ்டம். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடறது அதனாலதான். இதுல ஒரு சிக்கல். 1965ல வந்த வில்லியம்சன் சட்டம்னு ஒண்ணு இருக்கு. குறைஞ்சது பத்து வருஷத்துக்கு நிலத்தை விவசாயத்துக்கோ மேய்ச்சலுக்கோ வச்சிருக்கேன்னு ஒப்பந்தம் போட்டா, சந்தை விலைக்குப் பதிலா விவசாய மதிப்புல சொத்து வரி. நல்ல விஷயம்தான். ஆனா மேய்ச்சல் நிலம்னு வரி கட்டுற இடத்துல சனிக்கிழமை தோறும் இருநூறு கார் நின்னா பக்கத்து நிலத்துக்காரர் சும்மா இருப்பாரா? அதனால ஒவ்வொரு கவுன்ட்டியும் தனித்தனியா விதி வச்சிருக்கு. வருஷத்துக்கு எத்தனை விழா, எத்தனை பேரு, பாட்டு எத்தனை மணிக்கு நிக்கணும், எல்லாம். அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்த பெர்மிட்டைக் கண்ணால பாருங்க. "இருக்கு"ன்னு வாயால சொன்னா போதாது.

சரி, நெருப்புக்கு வருவோம்.

அங்க மே வாக்குல மழை நின்னா திரும்ப வர அக்டோபர், நவம்பர் ஆயிடும். "மழை வந்தா என்ன பண்றது"ங்கிற நம்ம ஊர் பயமே கிடையாது. திறந்தவெளிக் கல்யாணம் அங்க இவ்ளோ பிரபலமா இருக்கக் காரணமே அதுதான். ஆனா அதே அஞ்சு மாசத்துல புல்லு மொத்தமும் காஞ்சு சருகாயிடுது. இன்ஸ்டால தங்கக் கலர்ல மின்னுதே அந்த மலை, அது காஞ்ச புல்லு மக்களே. இலையுதிர் காலத்துல உள்நாட்டுல இருந்து கடல் பக்கமா ஒரு வறண்ட காத்து அடிக்கும். டயப்லோ காத்துன்னு பேரு, ஸ்பானிஷ்ல பிசாசு.

2017 அக்டோபர் 8 ராத்திரி ஆரம்பிச்ச டப்ஸ் தீயில 22 பேர் செத்துப் போனாங்க, 5,600க்கு மேல கட்டடங்கள் போச்சு. சான்டா ரோசாவுல 1899ல கட்டின வட்டக் களஞ்சியமும் அதுல சாம்பல். அடுத்த வருஷம் நவம்பர்ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் உல்சி தீ. பாரமவுன்ட் ராஞ்ச் தெரியுமா? 1927ல அந்த சினிமா கம்பெனி வாங்கின இடம், இப்ப தேசியப் பூங்காத் துறை கையில இருக்கு, கல்யாணமும் நடக்கிற இடம். அங்க இருந்த கௌபாய் தெரு மொத்தமும் எரிஞ்சுது. மிஞ்சினது ஒரு சர்ச் செட்டும் ஒரு ரயில் ஸ்டேஷனும். அந்த சர்ச் 'வெஸ்ட்வேர்ல்ட்' சீரியலுக்காகக் கட்டினது. 2020 செப்டம்பர்ல எல் டொராடோ ராஞ்ச் பூங்காவுல ஒரு குடும்பம், பிறக்கப் போறது ஆணா பெண்ணான்னு அறிவிக்கிற விசேஷத்துக்குக் கலர் புகை விட்டாங்க. 22,000 ஏக்கருக்கு மேல எரிஞ்சு, தீயணைப்பு வீரர் ஒருத்தர் செத்துட்டார்.

இப்ப நம்ம கல்யாணத்தை யோசிங்க. அக்னி சாட்சியா பண்ற குடும்பம்னா, காஞ்ச புல்லுக்கு நடுவுல உட்கார்ந்து நெய் ஊத்தி நெருப்பு வளர்க்கணும்.

ஜூனியர் முதல்ல பார்த்த தேதி அக்டோபர் மூணாவது வாரம். அவங்க அப்பா அம்மாவுக்கு விசா ரெடி, ஐயரும் நாள் குறிச்சாச்சு. ஒப்பந்தம் 14 பக்கம். ஒன்பதாவது பக்கத்துல: மே மாசத்துல இருந்து தீ சீசன் முடியற வரைக்கும் திறந்த நெருப்பு கூடாது, கண்ணாடிக்குள்ள மெழுகுவத்தி மட்டும் ஓகே. சிவப்புக் கொடி எச்சரிக்கை வந்தா அதுவும் கூடாது. அந்த எச்சரிக்கையைக் கொடுக்கிறது தேசிய வானிலைத் துறை. காத்து பலமா, ஈரப்பதம் கம்மியா இருக்கிற நாள்ல வரும். யாரும் ஆறு மாசம் முன்னாடி சொல்ல முடியாது.

வீடியோ கால்ல அவங்க அப்பா, மன்னார்குடிக்காரர், பொறுமையாத்தான் கேட்டார்: "தம்பி, அக்னி இல்லாம தாலி கட்டச் சொல்றீங்களா?" இவ சொன்னா, "அப்பா, காலையில லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில்ல ஹோமம் முடிச்சுட்டு, மதியம் ராஞ்சுக்குப் போயிடலாம்." நிறைய பேர் செய்யறது இதுதான், தப்பே இல்ல. ஆனா அவரு ஒத்துக்கல. கல்யாணம் ஒரு இடம், கல்யாண ஃபோட்டோ ஒரு இடமான்னு கேட்டார். ரெண்டு நாள் குரூப்ல ஒரு மெசேஜ் இல்ல.

கடைசியில மாறினது தேதி. ஏப்ரல் கடைசி. விசா செல்லும், டிக்கெட்டுக்குத்தான் தண்டம் கட்டினாங்க. ஏப்ரல்ல மலை பச்சையா இருக்கும், புல்லுல ஈரம் இருக்கும். தங்கக் கலர் போச்சேன்னு அவளுக்கு வருத்தம்தான். எனக்கு என்னவோ பச்சைதான் பிடிச்சுது. ராஞ்ச் ஓனர் உள்ளூர் தீயணைப்பு நிலையத்துல எழுத்து மூலமா அனுமதி வாங்கிக் கொடுத்தார். புல்லு இல்லாத சிமென்ட் தளம், சின்ன ஹோம குண்டம், பக்கத்துல ரெண்டு தீயணைப்பான். கௌபாய் தொப்பி போட்ட ராஞ்ச் ஊழியர் ஒருத்தர், தண்ணிக் குழாயைக் கையில பிடிச்சுக்கிட்டு, முதல் மந்திரத்துல இருந்து கடைசி வரைக்கும் அசையாம நின்னார். கல்யாண வீடியோல ஐயருக்கு அடுத்தபடியா அதிகமா வர்ற ஆள் அவர்தான்.

நேரம் பத்தி ஒரு விஷயம். ராஞ்ச்காரங்க வழக்கமா சடங்கு வைக்கிறது சாயங்காலம், சூரியன் இறங்கறப்ப. ஞாயித்துக்கிழமை ராகு காலம் பகலோட கடைசி எட்டில் ஒரு பங்கு, அதாவது சூரியன் மறையற வரைக்கும். கேமராமேன் ஆசைப்படற அந்தப் பொன் நேரம் முழுசா ராகு காலம்! நமக்கு வேண்டியது காலையில. அதனால "எத்தனை மணிக்கு கேட் திறப்பீங்க"ன்னு கேளுங்க. பத்து மணிக்குன்னு சொன்னா முகூர்த்தம் காலி. முதல் நாள் ராத்திரியே பந்தல் போட விடுவாங்களான்னும் கேளுங்க.

சத்தம்: மைக் வச்சுப் பாடுறதுக்குத்தான் பல இடத்துல கட்டுப்பாடு. நாதஸ்வரத்துக்கு மைக்கே தேவையில்லைன்னு அவங்களுக்குத் தெரியாது. திறந்தவெளிக்குன்னே இருக்கிற வாத்தியம் அது. கெட்டிமேளம் கொட்டினப்ப எதிர் மலையில மேஞ்சுக்கிட்டிருந்த மாடெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தது. முன்கூட்டியே ஓனருக்கு ஒரு யூட்யூப் வீடியோ அனுப்பிடுங்க.

சாப்பாடு, கழிவறை, கரன்ட் எல்லாம் ஒப்பந்தத்துல இருக்கும், படிங்க. தோசைக் கல்லுக்கு கேஸ் அடுப்பு வைக்கலாமான்னு மட்டும் தனியா கேட்டுக்குங்க, அதுவும் நெருப்புதான். பாட்டி தாத்தா வந்தா சரளைக் கல்லுல சக்கர நாற்காலி நகராது, பலகைப் பாதை போடச் சொல்லுங்க.

ஊஞ்சலை அந்தப் பெரிய ஓக் மரத்துல கட்டணும்னு ஜூனியருக்கு ரொம்ப ஆசை. ஓனர் கிளையைத் தட்டிப் பார்த்துட்டு முடியவே முடியாதுன்னுட்டார், மரத்துக்கு வயசாயிடுச்சாம். இரும்பு ஃபிரேம் வாடகைக்கு எடுத்து, மரத்து நிழல்ல நிக்க வச்சு, மேல வாழைக்கன்னு கட்டி மறைச்சோம். ஃபோட்டோல மரத்துலயே தொங்கற மாதிரிதான் தெரியுது.

உங்ககிட்ட ராஞ்ச் ஒப்பந்தம் இருந்தா, பேரு விலாசம் எல்லாம் அடிச்சுட்டு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல ரெண்டு மூணை எடுத்து வரி வரியா படிக்கலாம்.