ஆர்மோனியத்தின் நாக்கு



மயான காண்டத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாகப் பாடியதைக் கேட்டவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். காங்கேசன்துறை வசந்த கான சபாவின் அந்த இசைநாடகத்தை ஆர்மோனியம் இல்லாமல் நினைக்கவே முடியாது. அந்தப் பெட்டிக்குள் எது பாடுகிறது?

பித்தளைத் தகட்டில் நீளமாக ஒரு துளை. அதன்மேல் மெல்லிய பித்தளை நாக்கு. ஒரு முனை மட்டும் ஆணியில் இறுகியிருக்கும். தனியே தட்டினால் கொசு ரீங்காரம்தான் வரும். துருத்திக் காற்றில் அது துளைக்குள் போய்வந்து, அந்தக் காற்றை நறுக்கும்போதுதான் சுரம் பிறக்கிறது. மவுத் ஓர்கனுக்கும் இதே நாக்குத்தான். அங்கே துருத்தி நம் நெஞ்சு.

நாக்கு துளையின் விளிம்பில் உரசக்கூடாது. இடைவெளி அகலவும் கூடாது. அகன்றால் காற்று வீணாகி ஒலி மெலியும். நுனி சற்றே எழும்பி நிற்கவேண்டும். படுத்துக் கிடந்தால் சுரம் அடைத்துக்கொள்ளும். அதிகம் எழும்பினால் தயங்கித்தான் பேசும்.

பெட்டி திருத்துகிற எனக்கு மிகவும் பிடித்தது சுருதி சேர்க்கிற வேலை. நுனியைச் சுரண்டினால் பாரம் குறைந்து நாக்கு வேகமாக ஆடும், சுருதி ஏறும். ஆணிக்குப் பக்கத்தில் சுரண்டினால் விறைப்புக் குறைந்து இறங்கும். சுரண்டியதும் உடனே காதை நம்பிவிடாதீர்கள். பித்தளையின் சூடு ஆறவேண்டும்.

வடமராட்சிக் கரையிலிருந்து ஒரு அண்ணாவியார் பெட்டி கொண்டுவந்தார். "தம்பி, மேல் பஞ்சமம் மட்டும் இறங்கி நிக்குது. மரம் பழுதாப் போச்சோ?" என்றார். திறந்தால் நாக்கில் பச்சைக் களிம்பு. உப்புக்காற்றின் வேலை! களிம்பின் பாரம் சுருதியை இறக்கியிருந்தது. துடைத்துச் சேர்த்ததும் அங்கேயே இருந்து ஒரு விருத்தம் பாடினார். நான் அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

மரத்துக்கும் பங்குண்டு. நன்றாகக் காய்ந்த பலகை வளையாது. காயாத பலகை கார்த்திகை ஈரத்தில் வளைந்தால் தகட்டின் அடியால் காற்றுக் கசியும். ஹோனர் நிறுவனம் 1896 முதல் செய்துவரும் மரைன் பாண்ட் மவுத் ஓர்கனின் பேரிக்காய் மரச் சட்டமும் எச்சில் ஈரத்தில் ஊதிப் பருக்கும். காற்றுக் கசியாதவரை, சட்டம் மரமா பிளாஸ்டிக்கா என்று காதால் பிரித்தறிவது கடினம்.

நேரம் முடிகிறது, துருத்தித் தோலைப் பற்றி இன்னொரு நாள். பெட்டி வாங்கப்போகும் பிள்ளைகளே, கட்டை எதையும் தொடாமல் துருத்தியை அமுக்கிப் பாருங்கள். சட்டென்று சுருங்கினால் காற்றுக் கசிகிறது, வாங்கவேண்டாம். வீட்டில் பழைய பெட்டி கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். நாக்குகள் முறியாமல் இருந்தால் அதைத் திரும்பப் பாடவைக்கலாம்.