வேலியும் வாசலும்
(சங்கத்தின் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)



மக்கட் பிரதிநிதிகள் யாப்பு நெறியிலும் தனிமனித சுதந்திரத்திலும் எவ்வளவு உறுதியாக நிற்க வேண்டும் என்பது பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். பெரிய விடயம். நாம் 1948ஆம் ஆண்டையும் இரண்டு மந்திரிமாரையும் மாத்திரம் எடுத்துக்கொள்கிறோம். இருவரும் நம் பக்கத்துப் பிரதிநிதிகளே.

நாம் கற்ற மிசன் பாடசாலையில் வேதபாட நேரத்தில் சைவப் பிள்ளைகளை நூல்நிலையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஒருவரும் எம்மை வற்புறுத்தியதில்லை. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை முதன்முதலில் அங்கேதான் வாசித்தோம். எந்த மதத்தின் அனுட்டானத்தையும் பாராளுமன்றம் தடுத்தல் ஆகாது. மற்றவர்க்கில்லாத இடையூற்றை ஒரு சமூகத்தவர்மேற் சுமத்தலாகாது. மீறிய சட்டம் செல்லாது. பெரும்பான்மை பலத்துக்கு இட்ட வேலி அது.

வேலி எவ்வளவு தாங்கிற்று? 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதில் எந்தச் சாதியின் பெயரும் இனத்தின் பெயரும் இல்லை. இங்கே பிறந்தவனிடம், உன் தகப்பன் இந்நாட்டிற் பிறந்தானா, அன்றேல் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்களா என்று கேட்டது, அவ்வளவே. தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். மறு ஆண்டு வாக்கும் போயிற்று. 29ஆம் பிரிவைக் காட்டி வழக்காடியபோது, 1953இல் பிரிவிக் கவுன்சில் அச்சட்டம் செல்லும் என்றே தீர்த்தது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணி வைத்தது. மூட்டை முடிச்சுடன் புகையிரதத்தில் வந்து, நம் தலைமன்னார் இறங்குதுறையிற் கப்பலேறியவர்களை இங்கிருக்கும் பெரியோர் கண்டிருப்பீர்கள். எமக்கு அது கேள்விச் செய்திதான். 1984இன் பின் கப்பலே இல்லை.

இனி மந்திரிமார். 1947இல் டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரிசபையில் மன்னார்ப் பிரதிநிதி சி. சிற்றம்பலம் தபால் மந்திரி. வவுனியாப் பிரதிநிதி சி. சுந்தரலிங்கம் வர்த்தக மந்திரி. முதற் சட்டம் நிறைவேறியபோது இருவரும் பதவியில் இருந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் மசோதா வந்தபோது சுந்தரலிங்கம் பதவியை விட்டார். சிற்றம்பலம் விடவில்லை. உள்ளே இருந்தாற் றொகுதிக்கு ஏதேனும் செய்யலாம் என்று சொல்வோர் இன்றும் உளர். தபாற்கந்தோரும் றோட்டும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தன் தொகுதியில் வாக்கில்லாத ஒருவனுக்காகப் பதவியை விடுவதற்கு வேறொரு மனம் வேண்டும்.

இதோடு நிறுத்தினாற் கைதட்டுவீர்கள். நிறுத்த முடியவில்லை. அதே சுந்தரலிங்கம் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நின்று, தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்ட நம் சகோதரரை உள்ளே விடாது தடுத்தார். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கு வந்தது. அதையும் பிரிவிக் கவுன்சில் வரை கொண்டுபோனார். கணிதப் பேராசிரியரான அவருக்கு, அரசாங்கம் ஒரு மனிதனைத் தள்ளினால் அநீதி, ஊர் தள்ளினால் வழமை என்ற கணக்கு எப்படிச் சரிவந்ததோ அறியோம்.

அவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. மலையகத்திலிருந்து நம் பெருநிலப்பக்கம் வந்து குடியேறிய குடும்பங்கள் உண்டு. நம்மவர் கோயில் ஒன்றில் அவர்களிடம் திருவிழாவுக்குப் பணம் வாங்குகிறார்கள்; பரிபாலன சபைத் தெரிவில் வாக்கில்லை. காரணம் கேட்டோம். "அவர்கள் பரம்பரையாக இவ்வூரார் அல்லர்" என்றார்கள். பூட்டனைக் கேட்ட சட்டம்!

அடுத்த பொதுக்கூட்டத்தில், அக்குடும்பங்களுக்கும் வாக்குக் கொடுக்குமாறு அச்சபையைக் கேட்கும் பிரேரணை ஒன்றை இளைஞர் சார்பிற் கொண்டுவருகிறோம். பெரியோர்களே, உடன்படாவிட்டால் வராமல் இருந்துவிடாதீர்கள். வந்து எழுந்து நின்று எதிர்த்துப் பேசுங்கள். உங்கள் நியாயத்தையும் கூட்ட அறிக்கையில் எழுதிவைப்போம்.