நடை பிந்திய பிள்ளையும் நம் கடமையும்



ஒரு பிள்ளை பிந்தி நடந்தால் நம் ஊரிலே அதைப்பற்றிப் பேசாதவர் இல்லை. "தகப்பனும் பிந்தித்தான் நடந்தவர், பயப்பட வேண்டாம்" என்று பேத்தியார் ஆறுதல் சொல்லுவார். அயலவர் முன்வினை என்பர். இரண்டிற்கும் நடுவிலே, எவரிடம் காட்டுவது, எப்பள்ளியிற் சேர்ப்பது என்று அறியாது தாய் கலங்குகின்றாள். அவளுக்கு வழிசொல்ல நாம் கடமைப்பட்டவர்களல்லவா?

முதலாவது, பிந்துதல் என்பது யாது? உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகளின்படி, சுகமாய் வளரும் பிள்ளைகள் ஏறத்தாழ 4 மாதத்திற்கும் 9 மாதத்திற்கும் இடையிலே பிடியின்றி இருக்கின்றனர். 8 மாதத்திற்கும் 18 மாதத்திற்கும் இடையிலே தனியே நடக்கின்றனர். ஆகவே 10 மாதத்தில் நடந்த பிள்ளையும் 16 மாதத்தில் நடந்த பிள்ளையும் குறையற்றவர்களே. ஆனால் 9 மாதம் கடந்தும் இருக்க முடியாத பிள்ளை, 18 மாதம் கடந்தும் நடவாத பிள்ளை, ஒரு வயதுக்கு முன்னரே ஒரு கையை மாத்திரம் பாவிக்கும் பிள்ளை, உடல் விறைத்த அல்லது துவண்ட பிள்ளை, பழகிய செயலை மறந்த பிள்ளை ஆகியோரைத் தாமதியாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். குறைமாதத்திற் பிறந்த பிள்ளைக்கோ, பிறந்திருக்கவேண்டிய நாளிலிருந்தே வயதை எண்ணவேண்டும்.

காரணங்கள் பல. மூளைவாதம் ஒன்று, தசைநோய் ஒன்று, தைரோயிட் சுரப்புக் குறைவு ஒன்று. கடைசியாகச் சொன்னதற்கு மருந்துண்டு. காலந் தாழ்த்தினால் அம்மருந்தின் பயனும் குறைந்துபோம். பொறுத்துப் பார்ப்போம் என்பது எவ்வளவு விலையுயர்ந்த பொறுமை என்பதை எண்ணிப்பாருங்கள்.

இரண்டாவது, சிகிச்சை. நோயின் பெயர் தெரியும்வரை பயிற்சியை ஒத்திவைக்க வேண்டியதில்லை. இளமையிலே மூளை எளிதிற் பழகும். பிள்ளையை வெறுமனே கிடத்திக் கைகால்களை இழுத்துவிடுவதாற் பெரும்பயன் இல்லை. எண்ணெய் தேய்த்தல் சுகந்தரும்; நடை தராது. பிள்ளை தானே முயன்று செய்வதுதான் பயிற்சி: விளையாட்டுப் பொருளை எட்டிப் பிடித்தல், கரண்டி பிடித்து உண்ணுதல், கதிரையைப் பற்றி எழும்புதல். இவற்றைத் தாய்க்குக் கற்றுக்கொடுத்து வீட்டிலே நாளாந்தம் செய்விக்கும் இயன்மருத்துவரையும் தொழில்வழிச் சிகிச்சையாளரையும் நாடுக. முற்றாய்ச் சுகப்படுத்துவோம் என்று கூறிப் பெருந்தொகை கேட்பவரை விட்டு விலகுக.

மூன்றாவது, பள்ளி. நடந்த பின்னர் சேர்ப்போம் என்று பலர் காத்திருக்கின்றனர். காலைக் கொண்டு அறிவை அளக்கலாமோ? மூளைவாதமுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ அரைவாசிப்பேருக்கு அறிவுக்குறைபாடு இல்லை. நம் ஊர்தோறும் மொண்டிசோரிப் பள்ளிகள் உள்ளன. அம்மையார் 1907ஆம் ஆண்டு உரோமாபுரியிலே தம் பாலர் இல்லத்தைத் தொடங்குமுன், மந்தபுத்தியுடையோர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பித்தே தம் முறையைக் கண்டார். அவர் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, இப்பிள்ளைகளை வாயிலிலே திருப்பி அனுப்புதல் முறையாகுமா? அங்கவீனத்தைக் காரணங் காட்டிக் கல்விநிலையத்திற் சேர்க்க மறுத்தலாகாது என்று நம் நாட்டின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமுங் கூறுகின்றது.

பள்ளியைத் தெரியும்போது கட்டடத்தின் அழகைப் பாராதீர்கள். வீட்டிற்கு அண்மையிலுள்ளதா? படிகள் எத்தனை? மலசலகூடத்திற்கு யார் கூட்டிச் செல்வார்? மற்றப் பிள்ளைகளோடு ஒரே மேசையில் இருத்துவார்களா, மூலையில் விடுவார்களா? சிகிச்சையாளர் சொன்னதை ஆசிரியை கேட்டு நடப்பாரா? இக்கேள்விகளுக்கு நல்ல விடை தரும் சிறு பள்ளி, பெயர்பெற்ற பெரும் பள்ளியினும் மேலானது. அதிக உதவி வேண்டும் பிள்ளைக்கு விசேட பள்ளியே பொருத்தமாயின், அதிலே வெட்கம் ஏதுமில்லை.

வாலிப அன்பர்களே! கிளினிக்கிற்குப் போகும் தாய் ஒருநாட் கூலியை இழக்கின்றாள். பிள்ளையைத் தோளிற் சுமந்து பஸ்ஸுக்கு நிற்கின்றாள். நம்மில் வாகனமுடையோர் முறைவைத்து அழைத்துச் செல்லலாம். பாலர் பள்ளியின் படிக்கட்டருகே ஒரு சாய்வுப்பாதை கட்ட, நம் கைகளும் சில சீமெந்துப் பைகளும் போதும். பெரியோர்களே! கலியாண வீட்டிற்கும் திருவிழாவிற்கும் அப்பிள்ளையையும் கூட்டிவரும்படி நீங்கள் வாய்திறந்து சொன்னால், ஒளித்து வைத்த கதவுகள் திறக்கும். இவ்வாண்டிலேயே தொடங்குவோம்.