கடைப் பலகையும் முகத்தின் நிறமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வியாபாரத்தைக் குறித்து ஏதேனும் பேசவேண்டுமென்று நமது காரியதரிசி அவர்கள் பணித்தனர். கொள்முதல், வட்டி, வரி முதலிய விஷயங்களில் எம்மினும் தேர்ந்தவர் பலர் இங்கு வீற்றிருக்கின்றமையின், அவற்றை அவர்களுக்கே விட்டு, நாம் எல்லோரும் நாள்தோறும் காண்பதும், கூட்டங்களில் ஒருவரும் வாய் திறவாததுமாகிய ஒன்றை எடுத்துக்கொண்டோம். கடைக்கு வரும் மனிதரின் நிறத்தையும் முகவெட்டையும் பேச்சையும் நோக்கி, அவருக்குரிய உபசாரத்தைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும் வழக்கமே அது. தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டி விற்பவன் ஒருவன் நம்மவருள் உண்டென்று தெரிந்தால், அவனை இச்சபையில் உட்காரவும் விடமாட்டோம். மரியாதையில் எடை குறைப்பவனையோ, சாமர்த்தியசாலியென்று மெச்சிக் கல்லாவிலேயே அமர்த்துகின்றோம்.

இவ்வழக்கத்திற்கு எத்தேசத்திலும் ஒரே சமாதானம் சொல்லப்பட்டு வந்திருக்கின்றது. "எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, மற்ற வாடிக்கைக்காரர்கள் விரும்பமாட்டார்கள்" என்பதே அது. அதன் யோக்கியதையை ஆராய்வதற்காக முதலில் ஒரு சீமை வழக்கைச் சொல்லுகின்றோம்.

லியரி கான்ஸ்டன்டைன் என்பவர் மேற்கிந்தியத் தீவுகளில் டிரினிடாட் தேசத்தவர், கறுப்பு இனத்தவர், கிரிக்கெட் ஆட்டத்தில் பெரும்புகழ் படைத்தவர். இரண்டாவது உலக யுத்த காலத்தில் பிரிட்டிஷ் தொழில் இலாகாவில் உத்தியோகம் ஏற்று, தம் தீவுகளிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்களின் க்ஷேமத்தைக் கவனித்து வந்தார். 1943-ம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில், லார்ட்ஸ் மைதானத்தில் ஆட்டமாடும் பொருட்டு மனைவியோடும் மகளோடும் லண்டன் போந்தார். ரஸ்ஸல் சதுக்கத்து இம்பீரியல் ஹோட்டலில் நான்கு இரவு தங்குவதற்கு முன்னரே ஏற்பாடு செய்திருந்தார். தம் நிறத்தால் இடையூறு ஏதும் வாராதென்ற உறுதியும் பெற்றிருந்தார். ஆயினும், பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய பின்னர், ஓர் இரவுக்குமேல் தங்கலாகாதென்று சொல்லிவிட்டார்கள். அக்காலத்தில் அங்குத் தங்கியிருந்த வெள்ளை அமெரிக்கர்கள் ஆட்சேபிப்பார்கள் என்பதே காரணம். அவரை இழிசொல்லால் குறித்ததும் நடந்தது.

இதில் ஒரு வேடிக்கையுண்டு. அன்றிரவு அவருக்கு இடம் கொடுத்த மற்றொரு ஹோட்டலும் அதே கம்பெனிக்குச் சொந்தமானதுதான். ஒரே முதலாளியின் ஒரு வீட்டில் தீண்டத்தகாத காசு, அடுத்த வீட்டில் கல்லாவுக்குள் சென்றுவிட்டது. ஆகவே முதலாளிக்குக் கொள்கை என்று ஒன்று இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. யார் முணுமுணுப்பார்களோ என்ற அச்சமே இருந்தது.

கான்ஸ்டன்டைன் வழக்குத் தொடர்ந்தார். நிறவேற்றுமையைத் தடுக்கும் சட்டம் அந்நாளில் இங்கிலாந்தில் இல்லை. ஆனால், சத்திரம் நடத்துகின்றவன் தக்க காரணமின்றி வழிப்போக்கனைத் திருப்பியனுப்பலாகாது என்னும் பழைய பொதுச்சட்டம் ஒன்று இருந்தது. 1944-ம் வருஷத்தில் நீதிபதி பிர்க்கெட் அச்சட்டத்தைக் கொண்டே அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். நஷ்டஈடாகக் கிடைத்தது 5 கினி. அதாவது 5 பவுனும் 5 ஷில்லிங்கும். அவருடைய வக்கீலுக்கு ஒரு நாள் கூலிக்கும் அது காணாது என்று நினைக்கின்றோம். ஆயினும் அத்தொகைக்காக அவர் கோர்ட்டுப் படி ஏறவில்லை என்பது வெளிப்படை. பிற்காலத்தில், 1969-ம் வருஷம், பிரபுக்கள் சபையில் ஆயுட்காலப் பிரபுவாக அமர்ந்த முதற் கறுப்பரும் அவரே.

இனி, "மற்ற வாடிக்கைக்காரர்" என்னும் சமாதானத்தை வியாபாரக் கண்கொண்டு பார்ப்போம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் கிரீன்ஸ்பரோ என்னும் நகரத்தில் உல்வொர்த் கம்பெனியாரின் பல்பொருட்கடை ஒன்று இருந்தது. 1960-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 1-ந் தேதி, கறுப்பு இன மாணவர் நால்வர் அக்கடைக்குச் சென்றனர். ஒரு பலகையில் பற்பசை முதலிய சில்லறைச் சாமான்களை வாங்கினர். பணம் பெற்றுக்கொண்டு ரசீதும் கொடுத்தார்கள். சில அடி நடந்து அதே கடையின் சிற்றுண்டிப் பலகையின் முன் அமர்ந்து காப்பி கேட்டனர். இங்கே உங்களுக்குக் கொடுப்பதில்லை என்றார்கள். அவ்வூர் வழக்கம் அது. வெள்ளையர் பக்கத்தில் கறுப்பர் அமர்ந்தால் வெள்ளையர் எழுந்து போய்விடுவார்கள் என்பது கடைக்காரர் கொண்ட நிச்சயம். மாணவர்கள் சண்டையிடவில்லை, கடை மூடும் வரையில் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். வாரங்களுக்குள் பற்பல நகரங்களில் அதே காட்சி.

கடைக்காரர் தம் வெள்ளை வாடிக்கையைக் காப்பாற்றக் கருதி அசையாமல் இருந்தார். ஏறத்தாழ ஆறு மாதத்தில் ஏறக்குறைய 2 லட்சம் டாலர் விற்பனை போயிற்று என்பர். ஜூலை மாதம் 25-ந் தேதி சிற்றுண்டிப் பலகை எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. முதலில் அங்கு அமர்ந்து உண்டவர் யாவரெனில், அக்கடையிலேயே ஊழியம் செய்த கறுப்பு இனத்தவர். நெடுநாளாக மற்றவர்க்கு உணவு ஆக்கிய கைகள் அன்றுதான் அப்பலகையில் உணவு பெற்றன. வானம் இடிந்து விழவில்லை. வெள்ளையர் பட்டினி கிடக்கவும் இல்லை. அக்கட்டிடம் இப்பொழுது ஒரு காட்சிச் சாலையாக இருக்கின்றது. அந்த நாற்காலிகளைப் பார்ப்பதற்கு ஜனங்கள் டிக்கெட்டு வாங்குகின்றார்கள்.

இவை அன்னிய தேசத்துக் கதைகள் என்று எவரேனும் நினைப்பாராயின், நமது ரயில்வே ஸ்டேஷன்களை நினைத்துக்கொள்க. பிராமணர்க்கு ஒரு சாப்பாட்டு அறை, மற்றவர்க்கு வேறோர் அறை என்று தென்னாட்டில் இருந்து வந்த ஏற்பாடு 1941-ம் வருஷத்தில்தான் ஒழிந்தது. நம் பாட்டனார்கள் அந்த இரண்டாம் அறையில் உண்டவர்கள். அதைச் சொல்லி வருந்தியவர்கள். அதே பாட்டனார்கள் தம் சொந்த ஊர்க் காப்பிக் கடையில், சேரியிலிருந்து வருபவர்க்கென்று தனித் தம்ளரைக் கூரைச் செத்தையில் செருகி வைத்திருந்ததை வருத்தத்தோடு சொன்னதாக எமக்கு ஞாபகமில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரையில் நம் தேசம் சீமைக்கு முந்திக்கொண்டது. 1950-ம் வருஷம் ஜனவரி மாதம் 26-ந் தேதி அமுலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் காரணமாக எவரையும் புறம்பாக்கலாகாத இடங்களைச் சொல்லுமிடத்து, முதற்கண் கடையையே சொல்லுகின்றது. கடை என்னும் சொல்லுக்கு எவ்வளவு பொருள் என்று அரசியல் நிர்ணய சபையில் கேள்வி எழுந்தபோது, ஊழியம் வேண்டி வருபவர்க்கு ஊழியம் செய்ய ஒருவன் காத்திருக்கும் இடம் யாவும் கடையே என்ற கருத்துப்பட டாக்டர் அம்பேத்கர் விளக்கினார். க்ஷவரத் தொழிலும் அவ்விளக்கத்துள் அடங்கிற்று. இங்கிலாந்திலோ, 1965-ம் வருஷத்து இனவுறவுச் சட்டம் ஹோட்டல்களைச் சேர்த்துக் கடைகளை விட்டுவிட்டது. 1968-ம் வருஷத்துச் சட்டமே கடையையும் உள்ளடக்கிற்று.

நமது 1955-ம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் நுட்பமானது. தீண்டாமை காரணமாக ஒருவருக்குச் சாமான் கொடாதிருப்பது மாத்திரம் அதன்கண் குற்றமன்று; மற்றவர்க்கு விற்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் விற்க மறுப்பதும் குற்றம். "அதே நேரத்தில்" என்ற சொல்லை யாம் படித்தபோது சற்றே திடுக்குற்றோம். ஏனெனில் இக்காலத்தில் இல்லையென்று சொல்லித் திருப்பியனுப்பும் கடை அரிது. காக்கவைக்கும் கடை அநேகம்.

காக்கவைத்தலில் உள்ள கொடுமை யாதென்றால், அது அடையாளமற்றது. ஜவுளிக் கடைக்குள் நிறம் சற்று மங்கிய ஓர் அம்மாள் நுழைந்தால், கேளாமலே மலிவு விலைப் புடவைகளை எடுத்துப் போடும் சிப்பந்தியை நாம் அறிவோம். விலையுயர்ந்ததைக் காட்டும்படி அவர் கேட்டால், "அது விலை அதிகம் அம்மா" என்று நயமாகச் சொல்லுவான். சொல்லில் குற்றமில்லை. வீட்டுக்குச் சென்ற பின், அவன் அசதியால் அப்படிச் சொன்னானா, நம் முகத்தைப் பார்த்துச் சொன்னானா என்று அந்த அம்மாள் எண்ணி எண்ணிப் பார்க்கவேண்டும். வெளியில் சொன்னால், "எல்லோரிடத்திலும் அவன் அப்படித்தான்" என்பார்கள். மற்றவர்க்குக் கடைக்காரனின் சிடுசிடுப்பு வெறும் சிடுசிடுப்பு. அதனைக் கடைவாசலிலேயே உதறிவிட்டுப் போகலாம். இவர்களுக்கோ ஒவ்வொரு சிடுசிடுப்பும் ஒரு கேள்வியாகி வீடுவரை கூடவே வருகின்றது.

சிறிய பரிகாசம் எங்கே போய் முடியும் என்பதற்கு 2014-ம் வருஷம் டில்லி லாஜ்பத் நகர்க் கடைவீதியில் நடந்தது சாக்ஷி. அருணாசலப் பிரதேசத்து மாணவர் ஒருவருடைய தலைமயிரையும் தோற்றத்தையும் கடையிலிருந்தோர் ஏளனம் செய்தனர். அவர் கோபமுற்றார், கண்ணாடி உடைந்தது, அவரை அடித்தார்கள், மறுநாள் உயிர் நீத்தார். வடகிழக்கு மாகாணத்தவர் படும் துன்பத்தை ஆராய இந்திய சர்க்கார் பெஸ்பரூவா என்பவர் தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தார்கள். அந்த ஏளனத்தில் சேர்ந்து சிரித்தவர்களுள் ஒருவரேனும் ஓர் உயிர் போகுமென்று நினைத்திருப்பாரென்று யாம் நம்பவில்லை.

இதுகாறும் பிறர் குற்றம் பேசினோம். இனி எமது மளிகைக் கடையில் நடந்ததைச் சொல்லாமல் அமர்வது நேர்மையன்று.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை. கடையில் நல்ல கூட்டம். அருகிலுள்ள ஹோட்டலில் சமையல் வேலை பார்க்கும் வடகிழக்கு மாகாணத்து இளைஞர் ஒருவர் வந்து, அரிசியும் பருப்பும் எழுதிய சீட்டை நீட்டினார். சிப்பந்தி, "சீனாக்காரர் வந்துவிட்டார்" என்றான். இரண்டொருவர் சிரித்தனர். அவருக்குப் பின் வந்த மூவருக்குப் பொட்டலம் கட்டிய பின்னரே அவருடைய சீட்டை எடுத்தான். மீதிச் சில்லறை கொடுக்கும்போது, அவர் கை நீட்டியிருக்கவும், அக்கையில் வையாமல் பலகைமேல் போட்டான். ஒரு நாணயம் உருண்டு கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்துக்கொண்டு போனார்.

யாம் கல்லாவில் இருந்தோம். எல்லாவற்றையும் கண்டோம், ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லையென்று அன்றிரவு எம்மையே கேட்டுக்கொண்டபோது வந்த விடை, கூட்டம் அதிகம், நிறுத்திப் பேசினால் மற்ற வாடிக்கைக்காரர் பொறுக்கமாட்டார்கள் என்பதே. லண்டன் ஹோட்டல்காரரும் இதைத்தானே சொன்னார்! அந்தப் பையன் நாணயத்தைப் போட்ட விதமும் எமக்குப் புதிதன்று. எம் பாட்டனார் காலத்தில், சேரியிலிருந்து வருவோர்க்கு அதே பலகையின்மேல் அப்படித்தான் காசு விழுந்தது. பையனுக்கு அதை ஒருவரும் கற்பிக்கவில்லை. பலகையே கற்பித்தது போலும்.

மறுவாரம் அந்த இளைஞர் மீண்டும் வந்தார். பக்கத்தில் வேறு மளிகைக் கடை இல்லை. இம்முறை ரூபாய் நோட்டை எவர் கையிலும் கொடுக்கவில்லை. பலகைமேல் வைத்துத் தம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

சிப்பந்தியைத் தனியே அழைத்துப் பேசினோம். "கேலிக்குச் சொன்னேன், முதலாளி" என்றான், தன் பாட்டனுக்கு எந்தத் தம்ளரில் காப்பி கொடுத்தார்கள் என்பது அவனுக்கே தெரியுமென்பதால், அதற்குமேல் யாம் சொல்லத் தேவையிருக்கவில்லை, தலை குனிந்தான். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடை ஒன்றில், நண்பருக்காகக் காத்திருந்த கறுப்பு இனத்தவர் இருவரைப் போலீசாரை வரவழைத்துப் பிடித்துக் கொடுத்தது 2018-ம் வருஷத்தில் பெரும் சங்கடமாயிற்று. அக்கம்பெனியார் மே மாதத்தில் ஒரு பிற்பகல் 8,000-க்கு மேற்பட்ட கடைகளை மூடிச் சிப்பந்திகளுக்குப் பாடம் நடத்தினார்கள். ஒரு பிற்பகலில் இது கற்றுத் தீரும் பாடமா என்பதில் எமக்குச் சந்தேகமுண்டு. ஆயினும் ஒரு பிற்பகலேனும் கடையை மூடினார்களே. நம் கடைவீதியில் அதற்குக்கூட யார் முன்வருவார்? வருகிற மாதக் கூட்டத்திற்கு அங்கத்தினர் தத்தம் கடைச் சிப்பந்திகளையும் அழைத்துவரலாமென்று காரியதரிசி அவர்களுக்கு யோசனை சொல்லியிருக்கின்றோம்.

எமது கடையில் வரிசைப்படி சீட்டு எடுப்பதென்றும், சில்லறையை எவர்க்கும் கையிலேயே கொடுப்பதென்றும் ஏற்பாடு செய்தோம். அந்த இளைஞர் அதற்குப் பின் இரண்டு முறை வந்தார். யாமே எழுந்து சில்லறையை நீட்டினோம். இரண்டு முறையும், பலகைமேல் வைக்கும்படி அவர் கண்ணால் காட்டினார், அப்படியே வைத்தோம்.