விடை சொல்ல ஆளில்லாத வினா
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பரத்தையிற் பிரிவையும் வாயில் மறுத்தலையும் பயின்ற அவைக்குத் துணையின் பிறழ்வு புதிய பாடுபொருள் அன்று. மருதத்துத் தலைவி ஊடுவாள், வாயிலை அடைப்பாள், வந்து நிற்பவனை வினவுவாள். எதிரே ஒருவன் நிற்கிறான் என்பதே அந்த ஊடலுக்கு ஆதாரம். நிற்க வேண்டியவர் நினைவிழந்து கிடந்தால் அந்தத் துயர் எங்கே போகும்? அந்த வினாவை எழுப்பிய ஒரு கொரியக் காதல் திரைப்படமே இவ்வுரையின் பொருள்.

2005ஆம் ஆண்டு ஹோ ஜின் ஹோ இயக்கத்தில் வெளிவந்த அப்படத்திற்குக் கொரிய மொழியில் 'ஓயெச்சுல்' என்று பெயர். வீட்டை விட்டுச் சற்றே வெளியே சென்று வருதல் என்பது அச்சொல்லின் பொருள். பிற நாடுகளில் அது 'ஏப்ரல் ஸ்னோ' என்னும் ஆங்கிலப் பெயரால் அறியப்பட்டது. 2002இல் வந்த 'வின்டர் சொனாட்டா' தொடரின் வழியே கொரியாவிலும் ஜப்பானிலும் காதலனின் இலக்கணமாகவே கொண்டாடப்பட்ட பே யோங் ஜுன், இதில் வஞ்சிக்கப்பட்ட கணவனாக வருகிறார். எந்தப் பெண்ணும் விரும்பும் முகம் என்று உலகம் எண்ணிய முகத்தை ஏமாற்றப்பட்டவனுக்குக் கொடுத்ததிலேயே இயக்குநரின் கருத்துத் தொடங்கிவிடுகிறது. துணையின் பிறழ்வுக்குத் தன்னிடமுள்ள குறையே காரணமோ என்று ஏங்கும் நெஞ்சுக்கு அது முதல் மறுமொழி.

கதை எளியது. இசை நிகழ்ச்சிகளுக்கு மேடை ஒளி அமைப்பவன் இன்சு. மனைவி சுஜின் கார் விபத்தில் சிக்கினாள் என்ற செய்தி கேட்டுக் கிழக்குக் கடற்கரை நகரமான சாம்சோக்கின் மருத்துவமனைக்கு விரைகிறான். அங்கே தன் கணவனுக்காகக் காத்திருக்கிறாள் சியோ யங் என்னும் இல்லத்தரசி. அவள் கணவனும் இவன் மனைவியும் வந்தது ஒரே காரில். இருவருக்கும் நினைவில்லை. வாய் சொல்லாததைக் கைப்பேசியும் படக்கருவியும் சொல்லிவிடுகின்றன.

இங்கேதான் படத்தின் கொடுமையும் நுட்பமும் இருக்கின்றன. கோபம் கொள்ள நூறு நியாயங்கள் உண்டு. கோபத்தைக் கேட்கச் செவி இல்லை. 'ஏன்?' என்ற ஒற்றைச் சொல்லைச் சுமந்துகொண்டு, துரோகம் செய்தவரின் படுக்கையருகே பணிவிடை செய்தாக வேண்டும். அவ்விபத்தில் வேறோர் உயிரும் போயிற்று. அந்த வீட்டின் இறுதிச் சடங்குக்கு இருவரும் சென்று தலைதாழ்த்தி நிற்கிறார்கள். இறந்தவரின் உறவினர் சினந்து பொங்குகிறார்கள். தம்மை ஏமாற்றியவர்களின் பொருட்டுத் தாமே மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலை! மணவாழ்வு உள்ளே உடைந்துவிட்டது; ஊரார் கணக்கிலோ கணவனும் மனைவியும் இன்னும் ஒருவரே. திரும்பும் வழியில் சாலையோரத்தில் அப்பெண் கதறி அழுகிறாள். மருத்துவமனையில் அடக்கி வைத்த அழுகை அது.

இத்துயருக்குக் கொரிய மரபு முன்னரே ஒரு வடிவம் தந்திருந்தது. 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்னும் துறவி தொகுத்த 'சாம்குக் யூசா' நூல், சில்லா நாட்டு ஹோன்காங் மன்னன் காலத்து, அதாவது கி.பி. 875க்கும் 886க்கும் இடைப்பட்ட காலத்து, செயோங் கதையைக் கூறுகிறது. கிழக்குக் கடலின் நாகவேந்தன் மகன் அவன். மன்னன் அவனுக்குப் பதவியும் அழகிய மனைவியும் தந்தான். அவள்மேல் விருப்புற்ற கொள்ளைநோயின் ஆவி மனித உருக்கொண்டு இரவில் வந்தது. நகரில் உலவிவிட்டு நள்ளிரவில் திரும்பிய செயோங், தன் படுக்கையறையில் கண்டதைக் கண்டான். வாள் எடுக்கவில்லை. ஒரு பாட்டுப் பாடி, ஆடிக்கொண்டே விலகிப் போனான். ஆவி நாணி அவன்முன் மண்டியிட்டு, அவன் உருவம் வரைந்த வீட்டுக்குள் இனி நுழைவதில்லை என்று உறுதி கூறிற்று. மக்கள் அவன் உருவத்தை வாயிலில் ஒட்டிக் காப்பாகக் கொண்டார்கள். அந்த ஆடல் 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது.

தன் வீட்டைக் காக்க இயலாதவனே பிறர் வீடுகளுக்குக் காவலானான். தான் பட்ட அவமானத்தைப் பாட்டாக்கினான் என்பதே அவனுக்கு வாய்த்த வலிமை. ஆனால் அக்கதையில் மனைவிக்கு ஒரு சொல்லும் இல்லை. அவள் ஏன், எப்படி என்பதை யாரும் கேட்கவில்லை.

பாட்டு காட்டிய வழி அது. சட்டம் வேறு வழி காட்டிற்று. 1953ஆம் ஆண்டின் கொரியக் குற்றவியல் சட்டம், 241ஆம் பிரிவின்படி, மணம்புரிந்தவரின் பிறழ்வுக்கு ஈராண்டு வரை சிறை விதித்தது. துணைவர் முறையிட்டாலன்றி வழக்கு இல்லை. முறையிடுபவர் மணமுறிவுக்கும் முனைந்திருக்க வேண்டும். 2015 பிப்ரவரி 26 அன்று அரசியலமைப்பு நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் எழுவர் அப்பிரிவு செல்லாது என்றனர். படம் வெளிவந்த 2005இல் அது நடப்பில் இருந்தது. ஆயினும் கதை அந்தத் திசையில் செல்லவில்லை. செல்லாததன் காரணம் அடுத்து நிகழ்வதில் விளங்கும்.

மருத்துவமனையை அடுத்த விடுதியில் தங்கியிருக்கும் இருவரும் ஒருநாள் சேர்ந்து மது அருந்துகிறார்கள். நாமும் பழகி அவ்விருவரையும் திகைக்க வைக்கலாமே என்று பேச்சு விளையாட்டாக எழுகிறது. பழிவாங்கும் எண்ணமாக முளைத்தது பரிவாகிறது, பரிவு காதலாகிறது. தம் துணைவர்கள் மறைத்ததையே இவர்களும் மறைக்கிறார்கள். அவர்கள் அஞ்சியதற்கே அஞ்சுகிறார்கள். முறையிடும் உரிமை பெற்றிருந்தவர்கள் அதே சட்டப்பிரிவின் குற்றவாளிகள் ஆகிவிட்டார்கள். 'வெளியே செல்லல்' என்ற தலைப்பு யாரைக் குறிக்கிறது என்ற ஐயம் இங்கே எழுகிறது. நால்வரையும்தான்.

இதனைப் பிறழ்வுக்குக் கூறும் வக்காலத்து என்று கொள்வது பிழை. படம் யாரையும் விடுவிக்கவில்லை. 'ஏன்?' என்ற வினாவுக்கு விடை சொல்ல ஆளில்லாதபோது, வினவியவர்களே அவ்விடையாக மாறிவிடுகிறார்கள். அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை, குற்றமற்றவர் என்ற தம் நிலை. பின்னர் சுஜின் கண் விழிக்கிறாள். சியோ யங்கின் கணவன் இறந்துபோகிறான். மனைவி விழித்த வேளையில், இத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்த வினாவைக் கேட்கும் தகுதி இன்சுவிடம் இல்லை. அவளோ, கணவனை வெறுத்து முடிக்கும் முன்பே அவனுக்காகத் துக்கம் காக்க வேண்டியவள் ஆகிறாள். வஞ்சிக்கப்பட்டோர் துயரில் இதைவிட நுண்மையான இடம் அரிது.

2020இல் வந்த 'தம்பதியர் உலகம்' என்ற கொரியத் தொடர் எதிர்த்திசையில் நடந்தது. பிரிட்டனின் 'டாக்டர் ஃபாஸ்டர்' தொடரைத் தழுவிய அதில், மருத்துவர் ஜி சுன் ஊ கணவனின் துரோகத்தைக் கண்டுபிடிக்கிறாள். சுற்றியிருந்த நண்பர்கள் அனைவரும் அதனை முன்பே அறிந்திருந்தார்கள் என்பதையும் கண்டுபிடிக்கிறாள். அவள் கேட்கிறாள், திட்டமிடுகிறாள், வெல்கிறாள். இறுதிப் பகுதியின் பார்வையாளர் அளவு 28 விழுக்காட்டைத் தாண்டிற்று. கேபிள் தொலைக்காட்சித் தொடர்களில் அது அன்றைய உச்சம். எனினும் அவ்வெற்றியின் முடிவில், பெற்றோரின் போரைத் தாங்காத மகன் வீட்டைவிட்டே போய்விடுகிறான். பழிவாங்கலுக்கும் ஒரு விலை உண்டு; அதைச் செலுத்தியவன் சிறுவன்.

விலகிப் போதல், வழக்காடுதல், பழிதீர்த்தல், அதே வழியில் தானும் நடந்து பார்த்தல் என நான்கு வழிகள் இங்கே காணக் கிடைக்கின்றன. எதிலும் முழு ஆறுதல் இல்லை. ஆனால் கவிஞர்க்கு ஒரு பாடம் உண்டு. ஏமாற்றப்பட்டவரின் குரலில் மட்டும் பாடுவது எளிது. கேட்போர் உடனே கண்கலங்குவர். ஏமாற்றியவர் நின்ற இடத்திலும் ஒருகணம் நின்று பார்த்துவிட்டு, அதன்பின்னும் ஏமாற்றப்பட்டவரின் வலியைச் சிறிதும் குறைக்காமல் பாடுவதே அரிது. ஹோ ஜின் ஹோவின் படம் அதைச் செய்திருக்கிறது.

இறுதியில் பருவம் தப்பிய ஏப்ரல் மாதத்தில் பனி பொழிகிறது. வெண்மை மூடிய சாலையில் அவர்கள் எங்கே போவது என்பதைப் படம் முடிவுகட்டவில்லை. மன்னித்தார்களா, மறந்தார்களா என்றும் சொல்லவில்லை. விடை கிடைக்காத வினாவோடும் மனிதர் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்பதோடு அது நின்றுவிடுகிறது.