காடே முதல், வளர்ச்சியே வட்டி



சர்க்கார் காட்டை அடுத்து வாழும் கிராமத்தாருக்குக் காடே முதல். அதன் வருஷாந்தர வளர்ச்சியே வட்டி. முதற்பணத்தில் கைவைத்த குடும்பம் நிலைப்பதில்லை.

மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி ஜில்லாவிலுள்ள மேண்டா லேகா கிராமத்தார் இதை உணர்ந்தவர்கள். 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி, சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின்மீது அவர்களுக்கு 2009-ல் சமூக உரிமை கிடைத்தது. மூங்கில் சிறு வன விளைபொருளே என்று அச்சட்டம் கூறியிருந்தும், அதை வெளியே கொண்டு செல்லும் அனுமதிச் சீட்டு 2011-ல்தான் கைக்கு வந்தது. அதன்பின் கிராம சபையே மூங்கிலை விற்றது.

மூங்கிற் குத்தில் முற்றிய கழிகளை மட்டும் வெட்டி, இளங்கழிகளை விட்டுவைத்தால் வரும் ஆண்டுகளிலும் வெட்டலாம். குத்தையே மொட்டையடித்தால் கிழங்கு நலியும்.

உரிமை பெறுவது பாதி வேலையே. எதை, எப்போது, எவ்வளவு வெட்டுவதென்று சபையில் தீர்மானித்து, வரவு செலவைச் சபையிலேயே வாசிப்பது மறுபாதி. ஆகவே கணக்கைக் கேட்டறிதல் அங்கத்தினர் ஒவ்வொருவரின் கடமையாகும்.